நதிக்கு உரிமை; காவல் யாரிடம்?

2017 மார்ச் 20. அன்றுதான் நியூசிலாந்தில் வாங்கனுயி நதியைச் சட்ட நபராக ஏற்கும் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதே நாளில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட நபர்கள் என அறிவித்தது. வாங்கனுயியின் உரிமை இன்றும் நிலைத்திருக்கிறது. கங்கையின் உரிமைக்கோ நான்கு மாதத்துக்குள், ஜூலை 7 அன்று, உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தடை கேட்டுப் போனது உத்தராகண்ட் அரசேதான்.

பல மாநிலங்களில் ஓடும் நதிக்கு ஒரு மாநிலம் எப்படிப் பொறுப்பேற்கும், வெள்ளத்தில் உயிர் போனால் தலைமைச் செயலர் மீது வழக்குப் போடுவார்களா என்று அந்த அரசு கேட்டது. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ விவாதித்துத் தீர்த்திருக்க வேண்டிய கேள்விகள் இவை. அதைச் செய்யாமல் தீர்ப்பை மட்டும் முடக்கியதுதான் பிழை.

நதி எப்படி நபராகும் என்று நகைப்பவர்கள், கோயில் மூலவரின் பெயரில் நிலம் இருப்பதையும், கம்பெனி தன் பெயரில் வழக்குத் தொடுப்பதையும் கண்டு நகைப்பதில்லை. ஆகவே உரிமை கொடுக்கலாமா என்பதல்ல சிக்கல். அந்த உரிமைக்காக யார் வாதாடுவது என்பதே.

கங்கைக்கு நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர்கள் தலைமைச் செயலர், அட்வகேட் ஜெனரல், நமாமி கங்கே திட்ட இயக்குநர். மூவரும் அரசுத் தரப்பினர். நகரங்களின் சாக்கடை நதியில் கலப்பதைத் தடுக்கத் தவறிய அரசே, நதியின் சார்பில் தன் மீது வழக்குப் போடுமா?

மதுரையிலும் இதுவே நடந்தது. மேகமலையில் வனப் புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கொடுத்த விவகாரம் தொடர்பான வழக்கில், 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றக் கிளை இயற்கை அன்னையைச் சட்ட நபராக அறிவித்தது. காக்கும் பொறுப்பு மத்திய, மாநில அரசுகளிடமே தரப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த வழக்கில், காவலுக்கு மீண்டும் அதே வேலி!

வாங்கனுயிக்காகப் பேச இருவர். ஒருவர் அரசின் நியமனம். மற்றவர் 1870களிலிருந்து அந்நதிக்காகப் போராடிய மாவோரி மக்களின் நியமனம். நதியின் நலனுக்கென 3 கோடி நியூசிலாந்து டாலர் நிதியும் உண்டு. ஆனாலும், நதியின் தலைப்பகுதி நீரை மின்சாரத்துக்குத் திருப்பும் பழைய அனுமதிகளை அச்சட்டம் தொடவில்லை. இது குறையே.

ஸ்பெயின் ஒரு படி மேலே போனது. முர்சியா வயல்களின் உரக் கழிவால் மார் மெனோர் காயல் நாசமாகி, 2019 அக்டோபரில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்துக் கரை ஒதுங்கின. ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டு நாடாளுமன்றத்தை அசைத்தார்கள். 2022இல் வந்த சட்டத்தின்படி, காயலுக்காக யார் வேண்டுமானாலும் வழக்குத் தொடுக்கலாம். 2024இல் அரசியல் சாசன நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

நம் நாடாளுமன்றம் இயற்றவேண்டிய சட்டத்தில் மூன்று கட்டாயம் இருக்க வேண்டும்: கரையோர மக்களுக்கு இடமளிக்கும் பாதுகாவலர் குழு, அரசு கைவைக்க முடியாத நிதி, எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கும் உரிமை. இவை இல்லாமல் நதியைத் தாய் என்று அறிவிப்பது வெறும் வாய்ப்பந்தல். அரசு தன் குற்றத்தை மறைக்கும் வேலை.