பட்டா உழவருக்கு, பயன் குழாய்க்கு



எண்ணூரில் 2019-இல் எரிவாயு முனையம் வந்தபின், 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் பொன்னேரி உழவர்களுக்கும் நெருங்கிய விஷயமாகிவிட்டது. அச்சட்டம் நிலத்தை வாங்குவதில்லை. பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் செல்லும் பட்டையில் அவர் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. பயிர்ச் சேதத்துக்குத் தரும் தொகை போக, இதற்கு ஈடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். ஆட்சேபிக்க 21 நாள்.

மேலே நெல் நடலாமே என்பார்கள். நடலாம், ஆனால் கிணறு வெட்ட முடியாத நிலத்தை யார் முழு விலைக்கு வாங்குவார்? சிறு விவசாயிக்கு நிலம்தானே மகளின் கல்யாணச் செலவும் முதுமைக்கான சேமிப்பும்! நாட்டுக்கு எரிவாயு தேவை என்பதை மறுக்கவில்லை. குழாயை நெடுஞ்சாலையோரம் கொண்டுபோனால் செலவு கூடும் என்கிறார்கள். வயல்வழி போனாலும் அந்தச் செலவு மறைவதில்லை, உழவர் தலையில் இறங்குகிறது. மேற்கு மாவட்டங்கள் ஏழில் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாயைச் சாலையோரம் மாற்றச் சொன்ன தமிழக அரசின் நிலைப்பாட்டை 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது இருக்கும் சட்டப்படி வந்த தீர்ப்பு. அந்த 10 சதவீதத்தை நாடாளுமன்றம் திருத்தலாம்; நம் உறுப்பினர்கள் அதைக் கேட்க வேண்டும்.

ஒரு வாசகர்,
பொன்னேரி