நல்ல துறப்பண அலகு

கருவியின் தரம் கடையின் கண்ணாடிப் பெட்டியிலே தெரிவதன்று; வேலையிலே தெரிவது. பட்டறைகளில் 'ட்ரில் பிட்' என வழங்கும் துறப்பண அலகு விரலளவே நீளமுடையது. அதனைப்பற்றி விழா மலரொன்றில் எழுதுவானேன் என அன்பர் சிலர் வினவக்கூடும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் அச்சிறு பொருளை நம்பி எத்துணைப் பேரின் அன்றாட உழைப்பு நிற்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்பார்க்கு அவ்வினா எழாது. நம் பழைய மாணவருள் பொறியியலாளரும் வணிகரும் கணக்காளரும் தோட்ட உத்தியோகத்தரும் பலர் உளர். ஆதலின் இது நமக்குப் புறம்பான பொருளுமன்று.

வாட்டிய கொழுந்து காத்திருக்கமாட்டாது. உரிய வேளையில் அதனை உருட்டி, உலர்த்தாவிடின் தேநீரின் சுவையும் மணமும் கெடும். தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என அழைக்கும் தொழிற்சாலையில் உருட்டு இயந்திரத்தின் ஆணியொன்று முறிந்து உள்ளே தங்கிவிட்டால், பிட்டர் அதனை நடுவே துளைத்துத்தான் வெளியே எடுத்தல் வேண்டும். அவ்வேளையில் அலகும் முறிந்து துளைக்குள்ளே சிக்கிக்கொள்ளுமாயின், ஒரு மணி நேரத்து வேலை ஒரு நாள் வேலையாகும். கொழுந்து கெடும், பழி பிட்டர்மேல் விழும். அவ்வலகை வாங்கியவர் யார், எதனைக் கண்டு வாங்கினார் என்று கேட்பார் எவருமிலர்.

உருக்கு இப்பகுதிக்குப் புதியதன்று. பலாங்கொடையை அடுத்த சமனலவெவப் பகுதியின் மலைச்சரிவுகளில் பழைய இரும்புலைகளின் எச்சங்கள் பல கண்டெடுக்கப்பட்டன. தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய அவ்வுலைகளைத் தொல்லியலறிஞர் ஜில் ஜூலெப் ஆராய்ந்தார். அவ்வாறே உலையொன்றைக் கட்டி எரித்து, அதிற் கரிச்சத்து மிகுந்த உருக்கு விளைவதையும் கண்டு, 1996இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் காற்றின் போக்கையும் தாதுவின் குணத்தையும் அறிந்திருந்தவன் அவ்வுலையருகே நின்ற தொழிலாளியே. செய்பவனிடத்திலே அறிவு இருந்தது. அவ்வறிவுக்கு மதிப்பும் இருந்திருத்தல் வேண்டும். இன்று அதே மலைநாட்டில், கருவியைக் கையாளுபவன் ஒருவன். அதனைத் தெரிந்தெடுப்பவன் மற்றொருவன். குறையின் வேர் இங்கேதான் உள்ளது என்பது நம் துணிபு.

முறுக்கு வடிவ அலகுக்கு அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1863இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் கொல்லர் தட்டையாக அடித்த அலகுகளே பெரும்பாலும் வழங்கின. அக்காலத்துக் கரி உருக்கு, சூடேறிய அளவிலே தன் கடினத்தை இழந்துவிடும். டெய்லர், வைற் என்னும் இருவர் உருவாக்கிய அதிவேக உருக்கு 1900இல் பாரிஸ் நகரக் கண்காட்சியில் உலகுக்குக் காட்டப்பட்டது. தங்ஸ்தன், மொலிப்டினம், குரோமியம், வனேடியம் முதலியன கலந்த இவ்வினத்து உருக்கு, ஏறத்தாழ 600 பாகை வெப்பம்வரை கூர் மழுங்காது நிற்கவல்லது. 'எச்.எஸ்.எஸ்.' என்னும் பொறிப்பு இதனையே குறிக்கும். 'எம் 35' என்பது அதனோடு நூற்றுக்கு 5 பங்கு கோபால்ட் சேர்ந்தது. 'எம் 42' என்பது 8 பங்கு சேர்ந்தது. துருப்பிடியா உருக்கைத் துளைப்பார்க்கு இவை இரண்டும் ஏற்றவை.

ஆனால், பொறிப்பு மட்டும் சான்றாகாது; பொன்னிறப் பூச்சும் சான்றாகாது. டைட்டேனியப் பூச்சு நல்ல அலகின் ஆயுளை நீட்டும் என்பது மெய்யே. தாழ்ந்த உருக்கின்மேற் பூசிய பொன்னிறம் அதனை உயர்ந்த உருக்காக்காது. ஐயமுற்றால் காம்பின் நுனியைச் சாணைக்கல்லில் சிறிதே தொட்டுப் பார்க்கலாம். கரி உருக்காயின் வெண்மையான பொறிகள் பூப்போல் வெடித்துச் சிதறும். அதிவேக உருக்காயின் பொறி மங்கிச் செந்நிறமாய்த் தோன்றும். கண்ணாடித் தட்டின்மேல் உருட்டினால் வளைவு தெரியும். இரு வெட்டுவாய்களும் ஒத்த நீளமும் ஒத்த கோணமும் உடையனவா என்பதையும் நோக்குதல் வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறுகியிருந்தால் துளை அளவுக்கு மிஞ்சும். அலகும் விரைவில் முறியும்.

நல்ல அலகும் தவறான கையாட்சியாற் கெடும். 10 மில்லிமீற்றர் அலகினால் மென்னுருக்கைத் துளைக்க நிமிடத்துக்கு 800 சுற்று அளவே போதும். துருப்பிடியா உருக்குக்கு அதிற் பாதி போதும். கைத்துறப்பணங்கள் பலவும் இதனினும் பன்மடங்கு விரைந்து ஓடுவன. துருப்பிடியா உருக்கில் அலகு வெட்டாது தேய்க்குமாயின், அவ்விடம் முன்னிலும் கடினமாகிவிடும். ஆதலின் மெதுவான சுற்று, தளராத அழுத்தம், வெட்டும் எண்ணெய் ஆகிய மூன்றும் வேண்டும். வார்ப்பிரும்பையோ எண்ணெயின்றியே துளைக்கலாம். பொதுவேலைக்கு 118 பாகை முனைக்கோணமும் கடின உலோகத்துக்கு 135 பாகையும் பொருந்தும். சாணை பிடிக்கையிற் சூடேறிய அலகைச் சட்டென நீரில் தோய்த்தல் கூடாது. நுண்ணிய வெடிப்புகள் உண்டாகும்.

"இவையெல்லாம் சரி, நல்ல அலகின் விலையை யார் கொடுப்பது?" என்பர் சிலர். அக்கேள்வி நியாயமானதே. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த நாணய மாற்று 360 ரூபாவரை சென்றது. பிறநாட்டிலிருந்து வரும் கருவிகளின் விலையும் அதனோடு ஏறிற்று. ஆயினும் கணக்கை அலகின் விலையாற் போடாமல் துளையின் விலையாற் போடல் வேண்டும். 300 ரூபா அலகொன்று 15 துளைகளோடு ஒழிகின்றது எனவும், 1,200 ரூபா அலகொன்று பலமுறை சாணை ஏறி 200 துளைகள் இடுகின்றது எனவும் கொள்வோம். முன்னதில் துளையொன்றுக்கு 20 ரூபா. பின்னதில் 6 ரூபா. இயந்திரம் நின்ற நேரத்தின் நட்டத்தை இக்கணக்கிற் சேர்க்கவுமில்லை.

மேலும், இருபத்தைந்து அலகுகள் அடுக்கிய மலிவுப் பெட்டி எவருக்கும் வேண்டுவதன்று. 6, 8, 10, 12 மில்லிமீற்றர் புரியாணிகளுக்குப் புரி வெட்டுமுன் இடும் துளைகளுக்கு முறையே 5, 6.8, 8.5, 10.2 மில்லிமீற்றர் அலகுகள் போதும். பழைய பிரித்தானிய இயந்திரங்கள் உள்ள இடங்களில் அங்குல அளவில் இரண்டொன்று சேர்த்துக்கொள்ளலாம். ஷெபீல்ட் நகரிற் பிறந்த டோமர், சென்னை அடிசன் முதலிய பெயர்பெற்ற ஆக்குநரின் பொருள்களை நம்பத்தகுந்த வணிகரிடம் ஒவ்வொன்றாக வாங்குதலே சிக்கனம்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது: மிகத் தாழ்ந்த விலைமனுவை ஏற்பதென்னும் விதியைக் கருவி வாங்குவதிற் கைவிடல் வேண்டும். தோட்டத்துப் பிட்டரின் சொல் கொள்வனவுப் புத்தகம்வரை சென்று சேர்தல் வேண்டும். ஒவ்வோர் அலகும் எத்தனை துளையிட்டது என ஒரு சிறு ஏட்டில் அவர் குறித்துவரட்டும். ஓராண்டில் அவ்வேடே எவ்விளம்பரத்தினும் சிறந்த வழிகாட்டியாகும். கணக்காளராயுள்ள நம்மவர் அவ்வேட்டை விரும்பிக் கேட்கட்டும். வணிகராயுள்ளோர் இன்ன உருக்கு என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். பொறியியலாளராயுள்ளோர், விடுமுறை நாளொன்றில் தோட்டப்புறப் பாடசாலை மாணவருக்குச் சாணை பிடிக்கும் முறையைக் கற்பிக்கட்டும். ஒரு சாணை இயந்திரம், ஒரு கோணமானி, நல்ல அலகுகள் நான்கு. இவற்றிற்கு ஆகும் செலவு விழா விருந்தொன்றின் செலவினும் மிகாது.

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகின்றோம். அவ்வணக்கம் பொருளுடையதாதற்கு, மறுநாள் அக்கருவியை எடுக்கும் கையையும் நாம் மதித்தல் வேண்டும்.