சத்தியம் எந்த மொழிக்கு?

ஹிந்தி எதுக்கு என்று யாராவது கேட்டால் போதும், உடனே ஒரு ராணுவ வீரரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். "எல்லையில நிக்கிறவன் ஹிந்தி பேசுறான், உனக்கென்ன கேடு?" ஓசூரில் இந்த வசனத்தை சிப்காட் பக்கத்து டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், வாட்ஸப் குழுக்களிலும் பார்த்திருக்கிறேன்.

பேசுகிறார்தான். யார் இல்லை என்றது? மதராஸ் ரெஜிமென்ட்டில் தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லாரும் இருக்கிறார்கள். வேலைக்கு ஒரு பொதுமொழி வேண்டும், ஹிந்தி இருக்கிறது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒடிசா பையனும் பிகார் பையனும் தளி பக்கத்துக் கன்னடக்காரரும் எப்படியோ ஒரு பாஷையில் வேலையை முடித்துவிடுகிறார்கள். அதை யாரும் தேசபக்தி என்று சொல்வதில்லை.

வீரர் எதன் மேல் சத்தியம் செய்கிறார்? 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசமைப்புச் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன், தரை, கடல், வான் எந்த வழியானாலும் அனுப்பிய இடத்துக்குப் போவேன், உயிருக்கே ஆபத்தானாலும் கட்டளைக்குக் கீழ்ப்படிவேன். இவ்வளவுதான். மொழி பற்றி ஒரு சொல் கிடையாது. அந்த அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் காதில் விழும் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் அதில் இருக்கின்றன.

பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1938-இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கினார். 1965-இல் அவரே ஹிந்தி மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்த்தார். இடையில் அவருடைய தேசபக்தி குறைந்துபோச்சா?

நம்ம ஆட்களிடமும் ஒன்று கேட்கணும். லீவில் வந்த அண்ணன் நாலு வார்த்தை ஹிந்தி கலந்து பேசினால் 'சங்கி ஆயிட்டாரு' என்று மீம் போடுவது என்ன புத்தி? பிழைக்கப் போன இடத்தின் பேச்சு நாக்கில் ஒட்டத்தான் செய்யும்.

உண்மையான சண்டை வேறு இடத்தில் இருந்தது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்தியப் படைகளின் காவலர் தேர்வு 2023 வரை ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் நடந்தது. 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓடிக் காட்டக்கூடிய பர்கூர் பையன் கேள்வித்தாளில் விழுந்தான். எல்லைக்குப் போக அவன் தயார், அவனைத் தடுத்தது எந்த மொழி? அந்த ஏப்ரலில் மு.க.ஸ்டாலின் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 9,212 சி.ஆர்.பி.எஃப். இடங்களில் தமிழ்நாட்டுக்கு 579, தேர்வில் மட்டும் தமிழ் இல்லை. அதே மாதம் உள்துறை இறங்கிவந்தது. 2024 தொடக்கத்தில் நடந்த தேர்வில் தமிழ் உட்பட 13 மொழிகள் சேர்ந்தன.

"தமிழ்ல பரீட்சை எழுதிட்டு அங்க போய் கமாண்ட் எப்படிப் புரியும்?" என்கிறார்கள். துப்பாக்கியை மட்டும் வீட்டிலேயே பழகிட்டா போறான்? அதைச் சொல்லித்தரும் பயிற்சி முகாமில் இதையும் சொல்லித்தரட்டும்.