மகளுக்கும் உண்டு பிணை



பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைமீது குற்றம் சாட்டப்பெற்றால், அப்பிள்ளையைக் காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ அடைத்தலாகாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்தவேண்டும். திருத்தி வீடு சேர்ப்பதே 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் நோக்கம்.

கொரோனாப் பெருந்தொற்று இந்நோக்கத்தைக் கடுமையாகச் சோதித்தது. தடுத்து வைக்கத் தக்க காரணம் இல்லையெனில் சிறாரைப் பிணையில் விடுவதுபற்றிக் குழுமங்கள் ஆராயவேண்டும் என்றும், காணொளி வாயிலாக அமர்வுகள் நடத்தலாம் என்றும் 2020 ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் பணித்தது. அவ்வச்சம் வீணன்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சென்னை இராயபுரம் அரசுக் காப்பகத்தில் 35 சிறுவர்க்கு நோய் கண்டது.

ஆணை எல்லார்க்கும் பொது; அதன் பயனோ அவ்வாறன்று. காணொளிக்குக் கைப்பேசி வேண்டும், அலைவரிசை வேண்டும். கூலியும் பேருந்தும் ஒருங்கே நின்றுபோன நாள்களில், பிணை பெற்ற பிள்ளையை அழைத்துவரச் சிற்றூர்த் தாய் எவ்வாறு செல்வாள்?

பெண்பிள்ளையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. குற்றம் சாட்டப்பெறும் சிறாருள் பெண்கள் மிகச் சிலரே. ஆதலால் அவர்களுக்குரிய கூர்நோக்கு இல்லங்களும் சிலவே. வீட்டிற்கும் இல்லத்திற்கும் இடையே தொலைவு மிகுகின்றது. மேலும், விடுவித்தால் ஒழுக்கத்திற்கோ உடலுக்கோ உள்ளத்திற்கோ கேடு நேருமெனில் பிணை மறுக்கலாம் என்கிறது சட்டம். காக்கும் எண்ணத்தில் எழுந்த இவ்விதியே மகளைக் கட்டிவைக்கும் கயிறாகவும் கூடும். மகன் தவறினால் வயதுக் கோளாறு என்கிறோம். மகள் தவறினால் குடும்ப மானம் என்கிறோம். மகனை மீட்கக் கடன் வாங்கும் வீடு மகளை மீட்கத் தயங்கினால், சட்டம் தனித்து என் செய்யும்?

ஆகவே இவற்றை அறிந்து வைப்போம். ஈட்டாளர் இன்றியும் குழுமம் பிணை வழங்கலாம். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலோ தகுதியுடைய ஒருவரின் பராமரிப்பிலோ பிள்ளையை ஒப்படைக்கலாம். பிணை நிபந்தனைகளை 7 நாள்களுக்குள் நிறைவேற்ற இயலாவிடில், அவற்றை மாற்றியமைக்கும் பொருட்டுப் பிள்ளையை மீண்டும் குழுமத்தின்முன் நிறுத்தவேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லையெனில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், உதவி இலவசம்.

பெருந்தொற்று ஓய்ந்தது, சிற்றூருக்கும் குழுமத்திற்கும் உள்ள தொலைவு குறையவில்லை. அண்டை வீட்டுப் பிள்ளைக்கு இத்தகைய இடர் நேர்ந்தால் புறம் பேசாதிருப்போம். எழுத்தறியாத அப்பெற்றோருடன் குழுமம்வரை நாமும் ஒருநாள் உடன் செல்வோம். பிள்ளை மகளாயின், முந்திச் செல்வோம்.