சோறு இருக்கு, ஆனா சத்து? இலங்கை நெருக்கடியிலிருந்து நெய்வேலி பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது

2022 மே 18. சென்னைத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு ஒரு கப்பல் கிளம்பியது. தமிழ்நாடு அரசு அறிவித்த 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடரில் முதல் தவணை அதில் போனது. மூணே நாள் கழித்து, 21ஆம் தேதி, ஊட்டியில் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். பக்கத்து நாட்டுக்கு அரிசி அனுப்பும் மாநிலத்தில், நம்ம குழந்தைகளுக்கு எதுக்கு தனியா ஒரு திட்டம்?

இலங்கையில் என்ன நடந்தது?

டாலர் கையிருப்பு தீர்ந்ததால் உரம், எரிபொருள், பால் பவுடர் எல்லாத்துக்கும் தட்டுப்பாடு. 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9%. அதாவது முந்தின வருஷம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 195 ரூபாய். இப்படி விலை ஏறும்போது வீடுகளில் முதலில் குறைவது முட்டை, மீன், பால்தான். சோறு கடைசி வரை இருக்கும். தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் தரப்படும் 'திரிபோஷ' சத்துமாவும் மக்காச்சோளம் கிடைக்காமல் தடைபட்டது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் எடை குறைந்த குழந்தைகள் 12.2 சதவீதத்திலிருந்து ஒரே வருஷத்தில் 15.3 சதவீதமானார்கள்.

சரி, நம்ம கணக்கு?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் அதே வயதில் எடை குறைந்த குழந்தைகள் 22%. ரெண்டும் வேறு வேறு கணக்கெடுப்பு, நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. ஆனாலும் பெரும் நெருக்கடியில் தவித்த நாட்டை விட, ரேஷனில் இலவச அரிசி கிடைக்கும் மாநிலத்தின் எண் பெரிதாக இருப்பது சாதாரண விஷயமில்லை.

நெய்வேலிக்குப் பக்கத்தில்தான் வடலூர். 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது. பசியைத் தீர்ப்பது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. ஆனால் வயிறு நிறைவதும் சத்து சேர்வதும் ஒண்ணில்லை.

ஓட்டை எங்கே இருக்கு?

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு இரண்டு வயதுக்கு மேல்தான்.  அதற்கு முன் சத்துமாவு வீட்டுக்கு வருகிறது. அது குழந்தைக்குப் போகுதா, வீட்டில் எல்லோருக்கும் பங்காகுதா என்று யாரும் பார்ப்பதில்லை. அப்பா ஷிப்ட், அம்மா கூலி வேலை என்றால் குழந்தை கையில் டீயும் பிஸ்கட்டும்தான்.

இந்த வயதைக் குறிவைத்தே 1980இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு. இப்போதைய திட்டமும் ஏறக்குறைய அதே வழிதான்: பரிசோதித்துக் கண்டுபிடி, பிறகு சிறப்பு உணவு கொடு. 2024 நவம்பரில் நம்ம பக்கத்து மாவட்டமான அரியலூரில் தொடங்கிய இரண்டாம் கட்டம், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மாரையும் சேர்த்தது. இது சரியான திசை.

பஞ்ச நாடுகளில் கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்குத் தரும் பாக்கெட் உணவு என்ன தெரியுமா? வேர்க்கடலை, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, வைட்டமின்கள். 92 கிராமில் 500 கலோரி. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் ரகம் ரகமாக வெளியிடும் அதே கடலைதான் அதில் முக்கியம்!

நீங்க என்ன செய்யலாம்?

அங்கன்வாடியில் எடை, உயரத்தோடு கைச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்க. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, இடது மேல் கை 12.5 செ.மீ.க்குக் கீழே என்றால் எச்சரிக்கை, 11.5க்குக் கீழே என்றால் தீவிரம். ரெண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ, மெலிந்த குழந்தை சாப்பாட்டையே மறுத்தாலோ, அடுத்த எடை நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிட்டுப் போங்க.