ஆட்கொணர்க!

1993-ஆம் ஆண்டு. அன்றைய தென்னார்க்காட்டில், இன்றைய கடலூர் மாவட்டத்தில், திருமுதுகுன்றத்தை அடுத்த முதனை என்னும் சிற்றூர். குறவர் குடியிற் பிறந்த இராசாக்கண்ணு என்னும் ஏழைக் கூலித்தொழிலாளி, நகைத்திருட்டு ஒன்றுபற்றி உசாவுதற்கென்று கம்மாபுரம் காவல்நிலையத்திற்கு இட்டுச் செல்லப்பெற்றார். அவர் மனைவி பார்வதி அம்மையாரும் உறவினரும் துன்புறுத்தப்பட்டனர். பின்னர், ‘இராசாக்கண்ணு தப்பியோடிவிட்டார்’ என்று காவலர் கைவிரித்தனர். கணவர் எங்கே என்று கேட்ட பெண்மணிக்கு, அரசின் எந்த வாயிலிலும் விடை கிடைக்கவில்லை.

அவ் வம்மையார் அழுது ஓய்ந்துவிடவில்லை. ஊர்த்தோழர்களும் பொதுவுடைமை இயக்கத்தினரும் தோள்கொடுக்க, சென்னைக்குச் சென்று வழக்கறிஞர் சந்துருவைக் கண்டார். கூலி வாங்காது வழக்கை ஏற்றார் அவர். உயர் முறைமன்றத்தில் ஆட்கொணர்வு முறையீடு பதிவாயிற்று. காவலர் கூற்றை வேதவாக்காகக் கொள்ளாது மன்றம் துருவிக் கேட்டது. தப்பியோடியதாகச் சொல்லப்பட்டவர் காவலிலேயே மாண்டார் என்னும் உண்மை வெளிப்பட்டது. எனினும், குற்றமிழைத்த காவலர் ஒறுக்கப்பெற்றது 2006-இல்தான். ஓர் ஏழையின் உயிருக்கு முறை கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள்!

சிலம்பேந்தி அவையேறிய கண்ணகிக்குத் தன் குற்றம் உணர்ந்து உயிர்விட்ட அரசன் ஒருவன் இருந்தான். முதனைப் பெண்மணிக்கு இருந்தவை இரண்டே: அஞ்சாத வழக்கறிஞர் ஒருவர், அரசுக்கு வளையாத மன்றம் ஒன்று. இவ் விரண்டில் ஒன்று இல்லையாயினும் அவ் வழக்கு என்னாகியிருக்கும்?

விடையை வரலாறு சொல்கிறது. ‘பிடித்து வைத்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, எச் சட்டத்தின்படி பிடித்தாய் என்று சொல்’ என்பதே ஆட்கொணர்வின் பொருள். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 ஏப்பிரல் 28-இல், உச்ச முறைமன்ற நடுவர் ஐவருள் நால்வர் அக் கேள்வியைக் கேட்கவே இயலாது என்று தீர்ப்புரைத்தனர். மறுத்துரைத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவரே. அடுத்த ஆண்டு, மூப்பின்படி அவருக்கு வரவேண்டிய தலைமை நடுவர் பதவி அவரினும் இளையவர்க்கு வழங்கப்பட்டது. கன்னா பதவி துறந்தார். அன்றைய தீர்ப்புத் தவறென்று அதே மன்றம் ஒப்புக்கொண்டது 2017-இல்! நடுவரின் நடுநிலை, நடுவரின் நலத்துக்கு அன்று. காவலறையில் கிடப்பவனின் உயிருக்கே காப்பு.

ஐரோப்பியர் இதனைப் பட்டறிந்து உணர்ந்தவர்கள். இரண்டு உலகப் போர்களின் சாம்பலிலிருந்து 1950-இல் மாந்த உரிமை ஒப்பந்தம் ஒன்றை எழுதினர். அதனைக் காக்க 1959-இல் ஒரு மன்றமும் கண்டனர். நலமாகக் காவலுக்குள் சென்றவன் காயத்தோடு வெளிவரின், அதற்கு விளக்கம் கூறவேண்டியது அரசே என்று 1999-இல் பிரான்சு நாட்டு வழக்கொன்றில் அம் மன்றம் உறுதிசெய்தது. கைது செய்யப்பட்டவனுக்கு அதன் கரணியத்தை அவனுக்கு விளங்கும் மொழியிலேயே சொல்லவேண்டும் என்பதும் அவ் வொப்பந்தத்தின் விதி. போலந்து அரசு தன் உச்சமன்ற நடுவர்களின் ஓய்வு அகவையைக் குறைத்து அவர்களை வெளியேற்ற முயன்றபோது, அது சட்டத்துக்கு மாறென்று 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மன்றம் தீர்ப்பளித்தது. 2020 தொடக்கத்தில், பல நாட்டு நடுவர்கள் தத்தம் மன்ற உடையணிந்து வார்சா நகரத் தெருக்களில் போலந்து நடுவர்களோடு நடந்தனர். ஐரோப்பாவில் குறையே இல்லை என்பதன்று. குறை நேரும்போது தட்டுதற்கு ஒரு கதவு உண்டு என்பதே.

இங்கோ? காவலில் நேர்ந்த காயத்துக்குக் காவலரே பொறுப்பென்று கருதும் சட்டவிதி வேண்டுமென்று 1985-இலேயே இந்தியச் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது, 2017-இலும் வலியுறுத்தியது. அவ் விதி இன்றும் வரவில்லை. கொடுந்துன்புறுத்தலுக்கு எதிரான உலக ஒப்பந்தத்தில் 1997-இல் இந்தியா கையொப்பமிட்டது. இன்றளவும் அதனை ஏற்றுறுதி செய்யவில்லை. இடையில், 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் வதையுண்டு மாண்டதைத் தமிழகம் கண்டது.

மொழியின் நிலையும் அதுவே. இராசத்தானம், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றின் உயர் முறைமன்றங்களில் இந்திக்கு இடம் உண்டு. சென்னையில் தமிழுக்கு இடம் கேட்டு 2006-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானமோ ஏற்கப்படவில்லை. தன் கணவன் எவ்வாறு மாண்டான் என்று மன்றம் உரைப்பதைத் தன் தாய்மொழியில் கேட்டறிய இயலாத ஒரு பெண்ணுக்கு, வெற்றியுங்கூடப் பிறர் சொல்லித் தெரியவேண்டிய செய்தியே!

எனவே கேட்கவேண்டியவை மூன்று: காவற்காயத்துக்குக் காவலரைப் பொறுப்பாக்கும் சட்டம், ஆட்சியாளர் கைக்கு எட்டாத நடுவர் அமர்த்தம், தமிழில் வழக்காடி, தமிழில் தீர்ப்புப் பெறும் உரிமை. இவை எவரும் இரந்து பெறும் கொடை அல்ல. கணவன் எங்கே என்று கேட்ட முதனைப் பெண்மணியைப் போல், விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பவர்க்கே இவை வந்து சேரும். தமிழர் கேட்பாராக!