நீல ஓட்டையைக் காணோம்!

கிணத்தைக் காணோம்னு வடிவேலு போலீஸைக் கூட்டிக்கிட்டு வந்த மாதிரி, போன டிசம்பர்ல நான் டெல்லி நேரு பிளேஸ்ல நின்னுக்கிட்டு இருந்தேன். காணாமப் போனது லேப்டாப்பில் இருந்த நீல ஓட்டை. கடைப்பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஆஜ்கல் கேசட் கௌன் சுன்தா ஹை?" என்றான். இந்தக் காலத்துல கேசட் யார் கேக்கறாங்களாம். நான் கேக்கறேனே ராசா!

விஷயத்துக்கு வருகிறேன். 1988ல் வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தபோது, எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டேதான் ஊருக்குப் பேச வேண்டும். அதனால் கும்பகோணத்திலிருந்து அப்பா கேசட்டில் 'கடிதம்' அனுப்புவார். 90 நிமிட கேசட். ஒரு பக்கம் அப்பாவின் புத்திமதி. மறுபக்கம் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி. "சாப்ட்டியாடா? குளிர்ல வெறும் தலையோட வெளில போகாதே" என்று ஆரம்பித்து, நடுவில் பாடுவாள், இருமுவாள். பின்னால் ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடும். இப்போது பாட்டியும் இல்லை, அப்பாவும் இல்லை, அந்த ஊஞ்சலும் இல்லை. 14 கேசட் மட்டும் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு அட்டைப்பெட்டி இருக்கும், இல்லையா?

இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன். புது லேப்டாப்பில் இருப்பது ஒரே ஒரு 3.5 மி.மீ. ஓட்டை. கேசட் பிளேயரின் வயரைச் செருகினால், அது ஹெட்ஃபோன் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. நேரு பிளேஸில் ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கி வந்தேன். இப்போது சத்தம் உள்ளே போனது, ஆனால் மைக் வழியாக. மைக் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். பிளேயர் லைன் அவுட்டில் தருவது கிட்டத்தட்ட 0.3 வோல்ட். பாட்டி குரல் ஓட்டை ஸ்பீக்கரில் வருகிற தேர்தல் பிரசாரம் மாதிரி கரகரத்தது. வால்யூமைக் குறைத்து ஒருவழியாகச் சரிசெய்தால், லேப்டாப்பின் 'இரைச்சல் நீக்கி' தன் வேலையைக் காட்டியது. ஊஞ்சல் சத்தத்தை இரைச்சல் என்று துடைத்துவிட்டது! பாட்டி பாட ஆரம்பித்ததும் அதையும் பாதி விழுங்கியது. மீட்டிங்கில் பேசுகிறவனுக்காகச் செய்த மெஷினுக்கு, பாட்டு ஒரு தொந்தரவு.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இதெல்லாம் தீர்த்துவைக்கப்பட்ட விஷயம். 1990களின் கடைசியில் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து போட்ட பிசி 99 வழிகாட்டியில் கலர் வரைக்கும் குறித்திருந்தார்கள். மைக்குக்கு ரோஸ், ஸ்பீக்கருக்கு இளம்பச்சை, லைன்-இன்னுக்கு வெளிர்நீலம். நீலத்தில் வயரைச் செருகு, ரெக்கார்ட் பட்டனை அமுக்கு. ஸ்டீரியோவாகவே வரும். சில லேப்டாப்பிலும் லைன்-இன் இருந்தது.

ஏன் எடுத்தார்கள்? மெலிசாக்கணுமாம். அட, ஓட்டைதான் இன்னும் அங்கேயே இருக்கிறதே! 2009 முதல் 2012 வரை வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் ஒரே ஓட்டைதான். அதுவே லைன்-இன், அதுவே ஹெட்ஃபோன். செட்டிங்ஸில் மாற்றிக்கொண்டால் போதும். ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. 2012ல் வந்த ரெட்டினா மாடலில் லைன்-இன் போச்சு. 2016ல் ஐஃபோனில் ஹெட்ஃபோன் ஓட்டையை எடுத்தபோது, மேடையில் அதற்குத் 'துணிச்சல்' என்று பெயர் வைத்தார்கள். ஊரே கத்தியது. நீல ஓட்டை போனபோது யாரும் கத்தவில்லை. கேட்பதற்கு எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது. பதிவதற்கு நம்மைப் போல நாலு பேருக்குத்தான். கேட்கிறவனுக்கு மாதச் சந்தா விற்கலாம். சொந்தப் பாட்டியைப் பதிகிறவனிடம் எதை விற்பது?

"யூ.எஸ்.பி. ஆடியோ பெட்டி வாங்கிக்கோ, உள்ளே இருந்ததைவிட அது தரமானது" என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டி வாங்க, அப்படி ஒன்று இருப்பதே முதலில் தெரிய வேண்டும். மெஷினோடு வருகிற ஓட்டை, ஒன்றும் தெரியாதவனையும் "இதுல என்ன செருகலாம்?" என்று யோசிக்க வைக்கும். நானே அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்று, பெட்டியும் சாசுவதம் இல்லை. வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்தவர்கள் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் கொட்டி ஃபயர்வயர் பெட்டிகள் வாங்கினார்கள். 2008 அக்டோபரில் வந்த அலுமினிய மேக்புக்கில் அந்த போர்ட்டை எடுத்தார்கள், எதிர்ப்பு கிளம்பியது, 2009ல் 13 அங்குல மேக்புக் ப்ரோவில் திரும்ப வந்தது. பிறகு மறுபடியும் போனது. அடாப்டர் போட்டு ஓட்டியவர்கள் தலையிலும் 2025ல் மண் விழுந்தது: மேக்ஓஎஸ் 26ல் ஃபயர்வயர் ஆதரவே இல்லை. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை.

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது மச்சினர் வீட்டு பால்கனியில் தூசி படிந்து கிடந்த 2006 டெஸ்க்டாப். எடைக்குப் போட இருந்தார். பின்னால் நீல ஓட்டை பளிச்சென்று இருந்தது. ஆடாசிட்டியை ஏற்றி, ராத்திரி உட்கார்ந்து பதிந்தேன். ஊஞ்சல் கிறீச்சிட்டது. பாட்டி இருமினாள். கூட உட்கார்ந்திருந்த தங்கமணி ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதனால் மக்களே, 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' வேண்டாம். 90 நிமிட கேசட்டைப் பதிய 90 நிமிடம் ஆகும், குறுக்குவழி கிடையாது. கேசட்டுக்குள் இருக்கும் குட்டிப் பஞ்சு பசை விட்டு விழும்; பிளேயரின் பெல்ட் இளகும். பழைய டெஸ்க்டாப்பை எடைக்குப் போடுமுன் பின்பக்கம் பாருங்கள். புதிது வாங்கினால் "லைன்-இன் இருக்கா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பையன் சிரிப்பான், சிரிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளிடம் சிரிக்க யோசிப்பான்.

பி.கு: பெட்டிதான் வழி என்றால், தனி டிரைவர் கேட்காத யூ.எஸ்.பி. பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கம்பெனி கைவிட்டாலும் அது ஓடும். பதியும்போது 'நாய்ஸ் சப்ரஷன்' மாதிரி எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். ஊஞ்சல் சத்தம் முக்கியம்.